தொழிலை விடாமல் அந்த வேலைக்குப் போ

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நீண்ட வாட்ஸ்அப் செய்தியை நானும் அம்மாவும் வாசித்தோம். கட்டடக் கம்பனியை விட்டுவிட்டு, லண்டனில் பழைய தொடர்மாடிக் குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் மாநகரசபைப் பிரிவுக்கு மாற யோசிக்கிறாய். சம்பளம் குறையும். அதற்கு முன் சமூக அபிவிருத்தியில் இன்னொரு பட்டம் படிக்க வேண்டுமோ என்றும் கேட்டிருக்கிறாய். அம்மாவின் கவலை சம்பளம். எனக்கு அந்தப் பட்டத்தைப் பற்றித்தான் யோசனை.

வேலைக்குப் போ, பிள்ளை. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் கட்டட வேலைகளின் அளவையும் செலவையும் கணக்கிடும் உன் கியூ.எஸ். தொழிலை மட்டும் விட்டுவிடாதே.

நான் பிரதேச செயலகத்தில் இருந்த காலத்தில் நல்ல மனதோடு வந்தவர்களுக்குக் குறைவே இருக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு வாகனம் வாகனமாக வந்தார்கள். கூட்டம் வைத்தார்கள், படிவம் நிரப்பினார்கள். எஸ்டிமேட் போடத் தெரிந்தவரையும், காணிப் படம் வாசிக்கத் தெரிந்தவரையும், மாதர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எங்கே பிழை என்று சொல்லக் கூடியவரையும்தான் தேடித் திரிய வேண்டியிருந்தது.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரை எடு. போரில் 2006இல் இடம்பெயர்ந்த சனம் கிளிவெட்டி முகாம்களில் வருஷக்கணக்காகக் கிடந்து, 2015இலும் 2016இலும்தான் காணிக்குத் திரும்பியது. வந்து பார்த்தால் வீடும் இல்லை, வேலியும் இல்லை. எது யாருடைய வளவு என்று காட்ட ஒரு மரம்கூட மிஞ்சாத இடங்கள் இருந்தன. காணி உறுதியோ அரச காணிப் பேமிட்டோ தொலைத்த குடும்பத்துக்கு ஆறுதல் சொல்ல எல்லோராலும் முடியும். எல்லையைப் பிடித்துக் கொடுக்க நில அளவையாளர் வேண்டும், காணி உத்தியோகத்தர் வேண்டும். அது முடிந்தால்தான் வீட்டுத்திட்டத்தில் பெயரே வரும்.

வீட்டுத்திட்டம் என்றால், இந்திய உதவியில் வீட்டுக்காரரே கட்டும் முறை உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய், வேலை நகர நகரக் கட்டம் கட்டமாகக் கணக்கில் விழுந்தது. நல்ல முறை, ஒப்பந்தக்காரர் கட்டிவிட்டுப் போகிற வீட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் மண், சீமெந்து விலை ஏற ஏற, அத்திவாரத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டவர்கள் நகையை அடகு வைத்தார்கள், நுண்கடன் எடுத்தார்கள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே "அக்கா, இந்தக் காசுக்கு இவ்வளவுதான் வரும்" என்று கடதாசியில் போட்டுக் காட்ட ஊருக்கு ஒருவர் இருந்திருந்தால், எத்தனை குடும்பம் வட்டியிலிருந்து தப்பியிருக்கும்!

இன்னொன்றை நீ மறக்கவே கூடாது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபோது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எங்களுக்குத் தெரியும். 396 மீற்றர், அதுவரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்த சனம் பஸ்ஸில் போகத் தொடங்கியது. அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்தின் இடத்தில் புதுப்பாலம் கட்டிக்கொண்டிருந்த நேரம், சனம் மிதவைப் பாதையில் கடந்தது. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன சின்னப் பிள்ளைகள் செத்துப்போனார்கள். பாலம் தேவையான பாலம்தான். அது முடியும்வரை பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போகும் என்ற கேள்விக்குத்தான் சரியான பதில் இருக்கவில்லை.

நீ சொல்வாயே, கட்டி முடியும்வரை மட்டும் தேவைப்படுகிற தற்காலிக வேலைகள் என்று எஸ்டிமேட்டில் ஒரு பகுதி வரும் என்று. செலவைக் குறைக்கச் சொன்னால் பலர் முதலில் கை வைக்கும் இடமும் அதுதானே? பாதுகாப்பான கடவைக்கு அங்கே ஒரு வரி எழுதவும், அதை யாரும் வெட்டவிடாமல் கணக்கோடு வாதாடவும் உன்னைப் போன்ற ஒருத்தியால்தான் முடியும். கூட்டத்தில் நான் எழும்பிச் சொன்னால் "பார்ப்போம்" என்பார்கள். நீ சொன்னால் தொகையைக் கேட்பார்கள்.

லண்டனிலும் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். மேயரின் நிதி பெற்றுப் பெரிய அளவில் இடித்துக் கட்டுவதென்றால் 2018இலிருந்து குடியிருப்பாளர்களின் வாக்கெடுப்பு வேண்டுமாமே. நல்ல ஏற்பாடு. ஆனால் வாக்குப் போட்ட கிழவி, கட்டி முடிக்கும்வரை எங்கே இருப்பாள், பழைய வாடகையோடு திரும்பி வருவாளா? அதைத் திட்டத்தின் கணக்குக்குள்தான் தேட வேண்டும்.

தம்பியும் இதே பக்கம்தான் பார்க்கிறான். மொறட்டுவையில் நகரத் திட்டமிடல் கிடைத்தால் போகட்டும் என்றிருக்கிறேன். அவனுடைய கதையைப் பிறகு எழுதுகிறேன்.

நேர்முகத்தில் இரண்டு விஷயம் கேள். ஒரே குடியிருப்போடு எத்தனை வருஷம் உன்னை வைத்திருப்பார்கள்? ஆறு மாதத்துக்கொரு இடம் மாற்றுவார்கள் என்றால் யோசி. சனம் உன் முகத்தைப் பழகவே ஒரு வருஷம் வேண்டும். மற்றது, எஸ்டிமேட் போடும்போதே குடியிருப்பாளர்களோடு பேச விடுவார்களா, இல்லை எல்லாம் முடிந்த பிறகு விளக்கம் கொடுக்கத்தான் கூப்பிடுவார்களா?

சம்பளக் குறைவு பற்றி அம்மாவோடு நான் கதைக்கிறேன். இங்கே அனுப்பும் காசைக் குறைத்துக்கொள், எங்களுக்கு என் பென்ஷன் போதும். நேர்முகம் முடிந்ததும் போன் எடு.

அன்புடன்,
அப்பா