ஏணியில் ஏறுவீர்களா?

ஆசிரியருக்கு,

போலியோவில் வலது கால் சூம்பியவன் நான், காலைத் தாங்கும் காலிப்பர் கருவியை மாட்டித்தான் நடக்கிறேன். ஆவணக் காப்பக வேலைக்குப் போன ஒரு நேர்காணலில் பழைய கையெழுத்தைப் படிக்க வருமா, அட்டவணை போடத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவே இல்லை. மேல்தட்டுக் கோப்புகளை ஏணியில் ஏறி இறக்குவீர்களா என்றார்கள், அவ்வளவுதான்.

சரி, ஏற முடியாது. இறக்கிக் கொடுக்க ஓர் உதவியாளர் போதுமே! அப்புறம் நாடாவை அவிழ்த்து, பூச்சி அரித்த தாளில் மெல்லிய டிஷ்யூ ஒட்டி, ஸ்கேன் செய்து, யார் யாருக்கு எந்த ஆண்டு எழுதியது என்று பதிவதெல்லாம் மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீட்டோடு, தேவையான வசதிகளையும் செய்து தரச் சொல்கிறது. ஏணிக்குத்தான் ஆள் வேண்டுமென்றால் அதை விளம்பரத்திலேயே போடட்டும், பஸ் செலவாவது மிஞ்சும்.

— ஒரு வாசகர், மதுரை