புரொஜெக்டர் லேம்ப் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று எழுதிப் போடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் திரையரங்கு உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

வருஷக் கடைசி. பிடித்த படம், ஏமாற்றிய படம் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடும் நேரம். 2024-க்கு எங்கள் பட்டியலும் தயார்தான். ஆனால் அதில் பாதிப் படங்களுக்கு நேரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம். படம் சரியில்லையா, காட்டியது சரியில்லையா என்று பிரிக்க முடியவில்லை. ‘விடுதலை 2’ல் கைதான வாத்தியாரைப் போலீஸ்காரர்கள் காட்டுக்குள் இரவோடு இரவாக நடத்திக் கூட்டிப் போகிறார்கள். திரையில் யார் போலீஸ், யார் கைதி என்று தெரியாமல் ஜனம் கூச்சல் போட்டது. புரொஜெக்டர் கேபினிலிருந்து வந்த பதில்: “பிரிண்ட்டே அப்படித்தாங்க.” எந்தத் தியேட்டர் என்று சொல்லப் போவதில்லை. இதே பதிலை இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் கேட்டாயிற்று.

ஃபிலிம் பிரிண்ட் என்ற ஒன்று போய்ப் பல வருஷம் ஆகிறது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சென்னையில் ஓடுகிற அதே ஃபைல்தான் பாலக்கோட்டுக்கும் ஊத்தங்கரைக்கும் வருகிறது. அது தேயாது, அதில் கோடு விழாது. தேய்வது உங்கள் புரொஜெக்டர் லேம்ப்.

கணக்கு சிக்கலானதில்லை. டிஜிட்டல் சினிமாவுக்கு உலகம் முழுக்க ஒரே அளவு: வெள்ளைத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும். செனான் லேம்ப் எரிய எரிய மின்முனை தேய்ந்து, குவார்ட்ஸ் குமிழின் உள்பக்கம் கறுக்கும். வெளிச்சம் இறங்கும், ஒரு கட்டத்தில் படம் துடிக்கவும் ஆரம்பிக்கும். பெரிய வாட் லேம்புக்குச் சில நூறு மணி நேரம், 2 கிலோவாட் போன்ற சின்ன லேம்புக்கு 1500 மணி அல்லது கொஞ்சம் கூடுதல் என்று கம்பெனியே வாரண்டி எழுதித் தருகிறது. நாளுக்கு நாலு காட்சி, காட்சிக்கு இரண்டே முக்கால் மணி என்று வைத்தால் 11 மணி நேரம். 1500 மணி நாலரை மாதத்தில் தீர்ந்துவிடும். பொங்கலுக்கு ‘கேப்டன் மில்லர்’ ஓட்டிய லேம்பிலேயே தீபாவளிக்கு ‘அமரன்’ ஓட்டினால் 3000 மணியைத் தாண்டியிருக்கும். அதற்குள் அது வெடித்திருந்தால் வெளிச்சத்தைக் குவிக்கிற ரிஃப்ளெக்டரும் சேர்ந்து போயிருக்கும். லேம்பில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

லேம்ப் புதிதாக இருந்தாலும் இருட்டடிக்க வேறு வழிகள் உண்டு. கிரானைட் லாரி ஓடும் ஊரில் தூசிக்குச் சொல்லவா வேண்டும்? ஏர் ஃபில்டரும், கேபினிலிருந்து வெளிச்சம் வெளியே வரும் கண்ணாடியான போர்ட் கிளாஸும் வாரம் ஒரு முறையாவது துடைபட வேண்டும். 3டி படம் முடிந்த பிறகும் லென்ஸுக்கு முன்னால் 3டிக்காக மாட்டிய போலரைசர் வடிகட்டியை அப்படியே விட்டுவிட்டு 2டி படம் ஓட்டினால் பாதிக்கு மேல் வெளிச்சம் அங்கேயே தங்கிவிடும். 3டிக்காகப் போட்ட சில்வர் ஸ்க்ரீனில் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் தெரிவது தனிக் கதை. லேசர் புரொஜெக்டர் போட்டவர்கள் நம்மைச் சொல்லவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். லேசரும் மெல்ல மெல்ல மங்கும், அதையும் அளந்துதான் ஆக வேண்டும்.

இதனால் போனது என்ன? ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பாதிப் படம் குகைக்குள் நடக்கிறது. மலையாளத்திலேயே வந்து தமிழ்நாட்டில் அப்படி ஓடிய படம். அதில் கயிற்றில் இறங்குகிறவன் முகம் தெரியாவிட்டால் எதற்கு இறங்குகிறான்? ‘மெய்யழகன்’ ஒரே இரவில் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிற படம். அரவிந்த்சாமியின் கண்ணில் ஏதோ உடைகிறது என்று மற்ற ஊர்க்காரர்கள் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். பகல் வெயிலில் நடக்கிற ‘லப்பர் பந்து’ம் ‘வாழை’யும் தப்பித்தன. இந்த வருஷம் இங்கே பலருக்கு ‘லப்பர் பந்து’ முதலிடம் என்றால் அதில் கெத்து தினேஷுக்குப் பாதிப் பங்கு, சூரியனுக்குப் பாதிப் பங்கு.

வெளிச்சத்தையாவது ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். சத்தத்தில் நடந்ததற்குப் பெயரே இல்லை. ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசை கிடையாது. ஒரு துளிகூட. ஷேர் ஆட்டோ எஞ்சின், பலிக்குப் போகிற சேவல், காற்று, சூரியின் கம்மிப்போன குரல், ஏறக்குறைய வாயே திறக்காத அன்னா பென். இவ்வளவுதான் படம். அதை ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) 4.5-ல் வைத்து, ஏசி உறுமலுக்கு நடுவே ஓட்டினால் திரையில் நாலு பேர் சும்மா வண்டியில் போவதுதான் தெரியும். ஜனம் கொட்டாவி விட்டு எழுந்து போனது. படம் போர் என்று தீர்ப்பு. மூன்றாம் நாள் காட்சியும் தூக்கப்பட்டது.

ஃபேடர் எண் ஏதோ அலங்காரத்துக்கு இல்லை. சவுண்ட் பிராசஸரில் 7 என்பது படத்தை மிக்ஸ் செய்தவர் கேட்ட அளவு. பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலைப் போட்டால் முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 85 டெசிபல் காட்ட வேண்டும். 4-க்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 3.3 டெசிபல். அப்படியானால் 4.5 என்பது 8 டெசிபல் குறைவு. ‘கங்குவா’ சத்தம் காது கிழிகிறது என்று புகார் வந்தபோது, இரண்டு பாயிண்ட் குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். சந்தோஷமாகக் குறைத்தீர்கள். படம் போய்விட்டது, ஃபேடர் ஏறவில்லை. அடுத்து வந்த படங்களெல்லாம் ‘கங்குவா’ செய்த பாவத்தைச் சுமந்துகொண்டு முணுமுணுக்கின்றன.

ஃபேடர் 7-ல் இருந்தும் வசனம் புரியவில்லை என்றால், திரைக்குப் பின்னால் இருக்கிற நடு ஸ்பீக்கரில் உயர் ஒலியைத் தரும் ஹார்ன் டிரைவரின் டயஃப்ரம் (அதிரும் சவ்வு) போயிருக்கலாம். ‘ச’வும் ‘ஸ’வும் மழுங்கிக் கேட்டால் அதுதான் அடையாளம். வசனம் கிட்டத்தட்ட முழுக்க அந்த நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது, சைடில் எத்தனை ஸ்பீக்கர் மாட்டினாலும் பயனில்லை.

ஏமாற்றங்களையும் சொல்லிவிடுகிறோம், பழியெல்லாம் உங்கள் மேல் போட்டதாக இருக்க வேண்டாம். ‘இந்தியன் 2’ஐ எந்த லேம்பும் காப்பாற்றியிருக்காது. ரிலீஸுக்குப் பிறகு 12 நிமிடம் வெட்டினார்கள், இன்னும் வெட்டியிருக்கலாம். ‘கங்குவா’வும் அதே கதை. ‘மெய்யழகன்’ல் வெட்டிய 18 நிமிடத்துக்குத்தான் மனம் கேட்கவில்லை.

1992-ல் வனத்துறையும் போலீஸும் அத்துமீறிய வாச்சாத்தி இருப்பது தர்மபுரி மாவட்டத்தில்தான். போலீஸ் அத்துமீறலைப் பற்றி ஒரு படம் வந்தால் அதை அரூர்ப் பக்கத்து ஜனம் தெளிவாகப் பார்க்க வேண்டாமா? வசதி உள்ளவர்கள் சேலத்துக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். பென்னாகரத்துக்காரர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவரால் அவ்வளவு தூரம் போக முடியாது. அவரிடமும் டிக்கெட்டுக்கு முழுக் காசுதான் வாங்குகிறீர்கள். மங்கலான படத்துக்கு மங்கலான விலை என்று ஒரு போர்டு வைத்தால்கூட நியாயம். பாப்கார்ன் மெஷினில் விளக்கு மட்டும் எப்போதும் பிரகாசம், அதை யார் மாற்றுகிறார்களோ அவரையே கேபினுக்கும் அனுப்பலாம். படம் முடிவதற்குள் ஹால் லைட்டைப் போட்டுக் கதவைத் திறக்கும் அவசரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் ஆகும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக வந்திருந்தால் மன்னியுங்கள். மின்கட்டணம், ஓடிடி, கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை எல்லாம் உங்கள் தலைமேல் இருப்பது தெரியும். கேட்பது ஒன்றே ஒன்று: லேம்ப் இதுவரை எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது, ஃபேடர் எதில் நிற்கிறது என்ற இரண்டு எண்களை டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். மணிக்கணக்கு புரொஜெக்டர் மெனுவிலேயே இருக்கிறது. ஆபரேட்டருக்கு ஒரு நிமிட வேலை.

பொங்கல் படங்கள் வருவதற்குள் ஒரு நாள் காலைக் காட்சிக்கு முன் சர்வீஸ் இன்ஜினியரை வரவழையுங்கள். லேம்ப் கால் மணி நேரம் எரிந்து சூடான பிறகு வெள்ளை டெஸ்ட் பேட்டர்ன் போட்டு, லேம்பை மூன்று திசையிலும் நகர்த்தி அலைன் செய்து, மீட்டரில் 14 வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால் லேம்ப் மாற்றுங்கள். ஃபேடரை 7-க்கு ஏற்றுங்கள், அல்லது ஏன் ஏற்ற முடியவில்லை என்று சொல்லுங்கள். இரண்டு எண்களையும் கவுண்டரில் எழுதிப் போடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
தர்மபுரி, கிருஷ்ணகிரியில் டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிறவர்கள்