பேரனின் முதல் கேமரா

அன்புள்ள மக்களே,

பேரனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, கேமரா வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடு. ஆனால் அதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து நீயே ஒன்று செய்து காட்டு.

காலி பால்பவுடர் டப்பா போதும். அடிப்பக்கம் நடுவில் சின்ன ஆணியால் ஒரு துளை. மூடி இருந்த பக்கம் பட்டர் பேப்பரை இழுத்து ரப்பர் பேண்ட் போடு. துளை வெயிலில் நிற்கும் மரத்தைப் பார்க்கட்டும். பேப்பர் பக்கத்தையும் உங்கள் தலைகளையும் கறுப்புப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மரம் தலைகீழாகத் தெரியும். ஏன் என்பான். வெளிச்சம் நேராகத்தான் போகும், அதனால் உச்சியிலிருந்து வருவது துளை வழியே கீழே போய் விழுகிறது, அடியிலிருந்து வருவது மேலே. ஒரு நூலைப் பிடித்துக் காட்டினால் புரிந்துகொள்வான். அப்புறம் துளையைப் பெரிதாக்கு. படம் பளிச்சென்று ஆகும், ஆனால் கலங்கிவிடும். அதைச் சரிசெய்யத்தான் லென்ஸ் என்று அப்போது சொல். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதே.

2010 பொங்கலுக்கு மறுநாள் நினைவிருக்கிறதா? ஜனவரி 15, நாகர்கோவிலில் கங்கண சூரிய கிரகணம்; நிலா நடுவை மறைக்க, சூரியன் ஒரு வளையமாக மட்டும் தெரிந்தது. நம் ஓலைக் கொட்டகைத் தரையில் எப்போதும் வட்டவட்டமாக விழும் வெயில், அன்று மதியம் வளையல் வளையலாக விழுந்தது. ஒவ்வொரு ஓலைப் பொத்தலும் ஒரு கேமராவாகச் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. நீ உள்ளங்கையை நீட்டி ஒவ்வொன்றாகப் பிடித்தாய்.

கேமரா என்றால், கீழே விழுந்தாலும் தாங்குகிற, விளையாட்டுகள் எதுவும் இல்லாத ஒன்றாகப் பார். 1900இல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனி ஒரு டாலருக்கு பிரௌனி என்ற கேமராவைக் குழந்தைகளை மனதில் வைத்தே விற்றது. அட்டைப்பெட்டி, எளிய லென்ஸ், அழுத்த ஒரு விசை. அவ்வளவுதான் வேண்டும். யாரைப் படம் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டும் என்பதை மட்டும் பழக்கு. மற்றபடி, விரல் மறைத்த படம், மேசைக்கு அடியில் எடுத்த படம், எதையும் அழிக்காதே. இங்கே என்ன பார்த்தாய் என்று கேள்.

ஒரு ரோலில் 36 படம்தான், ஃபிலிம் வீணாகும் என்று உன்னை நான் கேமராவைத் தொடவே விட்டதில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது மக்களே.

லீவுக்கு வரும்போது டப்பாவையும் கொண்டு வாருங்கள். கொட்டகைக்கு ஓடு போட்டாயிற்று. ஒரு ஓடு மட்டும் விலகி, மதியம் தரையில் வெயில் வட்டமாக விழுகிறது. அவன் வரும்வரை அதை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா