கண்ணாடிப் படகுக்கு முன்னால் கந்தல் வலை

ஆசிரியருக்கு வணக்கம்.

அடிப்பகுதி கண்ணாடியாலான படகுகளைப் புதிதாக வாங்கி மன்னார் வளைகுடாத் தீவுகளில் சுற்றுலாவை விரிவாக்குவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று கடலுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். அந்தத் தொழில் நின்றுவிட்டது. ஆனால், அறுந்துபோன நைலான் வலைகள் பவளப்பாறைகளில் சிக்கிக்கொண்டு, கடற்புல் மேய வரும் ஆவுளியாவுக்கும் (எங்கள் பக்கம் கடற்பசுவை இப்படித்தான் அழைப்போம்) பேராமைக்கும் ஆளில்லாத பொறியாகக் கிடப்பதைப் பற்றிச் செய்தியில் ஒரு வரியும் இல்லை.

சென்ற ஆண்டு கீழக்கரைக் கரையில் ஒதுங்கிய பேராமை ஒன்றின் முன் துடுப்பில், எலும்பு தெரியும் அளவுக்கு நரம்பு வலை (மெல்லிய நைலான் இழை வலை) இறுகியிருந்தது. மீனவர் ஒருவர் பேனாக்கத்தியால் கண்ணி கண்ணியாக அறுத்தெடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. கிழிந்த வலைக்குக் கரையில் விலை இருந்தால் அதைக் கடலில் விட்டுவர எவருக்கும் மனம் வராது. எனவே, புதிய கண்ணாடிப் படகுகளை வாங்குவதற்கு முன், பாம்பன் முதல் வாலிநோக்கம் வரையுள்ள மீன் இறங்குதளங்களில் பழைய வலைகளை எடைக்கு வாங்கும் நிலையங்களை அரசு திறக்க வேண்டும். சுற்றுலாக் கட்டணத்தின் ஒரு பகுதியையே அதற்கு ஒதுக்கலாம்.

– ஒரு வாசகர், கீழக்கரை