மகளுக்கு, ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் விடைத்தாள்கள் பற்றி

மதுரை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய விடைத்தாள் போட்டோ எல்லாம் வந்தது. சிவப்பு மையில் உன் கையெழுத்தைப் பார்த்து அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. கூடவே நாலு வரி எழுதியிருக்கலாம். போட்டோ வந்தது ராத்திரி ஒன்றரை மணிக்கு. ஓரத்தில் ஒரே ஒரு டம்ளர் தெரிந்தது. அந்த நேரத்தில் டீ குடிக்காதே.

பிள்ளைகள் "பிகாஸ் த பஸ் வாஸ் லேட்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். நீ 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறாய். கவனக்குறைவு இல்லை, தாயி. தமிழில் 'பஸ் தாமதமானதால்' என்றாலே வினை முடியவில்லை என்று காதுக்குத் தெரிந்துவிடும். இங்கிலீஷில் எழுவாய் இருக்கிறது, 'வாஸ்' என்ற முழு வினையும் இருக்கிறது. தொங்கவிடுவது முன்னால் நிற்கும் 'பிகாஸ்' மட்டும்தான். அதை விரலால் மறைத்துப் படிக்கச் சொல்லு, மீதி தனியாக நிற்கும். விரலை எடுத்தால் நிற்காது. 'அவர் வந்ததுக்கப்புறம்' என்று மெசேஜ் போட்டு நிறுத்திவிட்டாயே, அதுவும் அப்படித்தான். மீதி வரும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

போர்டில் வரிசை மாறாமல் செய். முதலில் காலம் காட்டும் வினைக்கு அடிக்கோடு. 'டு கோ', தனியாக வரும் 'கோயிங்' இதெல்லாம் கணக்கில் வராது. அடுத்து ஒவ்வொரு வினைக்கும் எழுவாய். எத்தனை ஜோடியோ அத்தனை கிளாஸ் (clause), அதாவது எழுவாயும் வினையும் சேர்ந்த வாக்கியத் துண்டு. பிறகு இஃப், வென், பிகாஸ், ஆல்தோ, ஹூ, விச் இவற்றுக்கு வட்டம். வட்டம் விழாத ஜோடிதான் மெயின் கிளாஸ், தனியாக நிற்கும் துண்டு. 'ஆஃப்டர் த ஃபெஸ்டிவல்' என்பதில் வினையே இல்லை, அது கிளாஸ் ஆகாது. 'ஆஃப்டர் த ஃபெஸ்டிவல் எண்டட்' என்றால் ஆகும்.

அதிகம் திணறுவது நடுவில் நுழையும் கிளாஸில்தான். "த பாய் ஹூ செல்ஸ் ஜாஸ்மின் நியர் த டெம்பிள் இஸ் மை கசின்." பாதிப்பேர் 'டெம்பிள்' வந்ததும் வாக்கியத்தை முடித்துவிடுவார்கள். 'செல்ஸ்'க்கு எழுவாய் 'ஹூ'. 'இஸ்'க்கு எழுவாய் 'த பாய்'. இரண்டையும் கோடு போட்டு இணைத்துக் காட்டு. நீ நன்றாகப் படம் போடுவாய், அவசரப்படாமல் போடு.

கமா சுலபம். "வென் அழகர் என்டர்ஸ் த வைகை, பீப்பிள் ஸ்ப்ரே வாட்டர்." சார்ந்து நிற்பது முன்னால் வந்தால் கமா. 'வென்' பின்னால் போனால் பெரும்பாலும் வேண்டாம். "த ரிவர் வாஸ் ட்ரை, த க்ரௌட் கேம்" என்று இரண்டு முழு வாக்கியத்தை வெறும் கமாவால் ஒட்டுவது தப்பு. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ போடட்டும், இல்லை கமாவுக்குப் பின் 'பட்' சேர்க்கட்டும். 'ஆல்தோ' போட்டவன் 'பட்' போடக்கூடாது. 'பிகாஸ்' வைத்து வாக்கியம் தொடங்கவே கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதே. பின்னால் மெயின் கிளாஸ் வந்தால் அது சரியான வாக்கியம்.

மாப்பிள்ளை ஊருக்கு வந்தாரா என்று நீயாக எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை எல்லாம் ஒற்றை ஆளாகச் சமாளிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. அதற்காக எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகவே சமாளிக்க வேண்டும் என்று இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி டீ வேண்டாம்.

'ஐ திங்க் ஹீ இஸ் அட் ஹோம்' என்பதில் 'தட்' மறைந்திருக்கிறது. வட்டம் போட வார்த்தை இல்லாமல் இரண்டு ஜோடி வந்து பிள்ளைகள் குழம்புவார்கள். அதை அடுத்த மாதம் தனியாக நடத்து. சனிக்கிழமை போன் பண்ணு, அந்த வாக்கியங்களை நான் எழுதி வைக்கிறேன்.

அம்மா