ஸ்கேன் நார்மல், ஆனால் பிள்ளைக்கு இன்னும் சரியாகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளில் குறுவட்டப் போட்டிகள் தொடங்கும் நேரம், அதனால்தான் ஆட்டத்தில் பிள்ளைகளுக்குத் தலையில் அடிபடுவதைப் பற்றி எழுதுகிறேன். என் மகள் பிளஸ் ஒன், கபடி ஆடுகிறாள். போன வருஷம் ஒரு மேட்சில் ரெய்டு வந்த பெண்ணைப் பிடிக்கப் பாய்ந்தபோது அந்தப் பெண்ணின் முழங்கால் இவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. மயங்கவில்லை, ரத்தமும் வரவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து 'ஒண்ணுமில்ல, ஆடு' என்றார்கள், அவளும் மீதி ஆட்டத்தை ஆடி முடித்தாள். ராத்திரிதான் தலைவலி, குமட்டல் என்றாள். மறுநாள் ஸ்கேன் எடுத்தோம், நார்மல்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி மூன்றாம் நாளே பள்ளிக்கு அனுப்பிவிட்டோம். சாயந்தரம் கணக்கு நோட்டைப் பிரித்தால் ஒரே வரியை மூன்று தடவை எழுதி வைத்திருக்கிறாள், அது அவளுக்கே தெரியவில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள், டியூப் லைட் கண்ணைக் குத்துகிறது என்பாள், தம்பி ரிமோட்டைப் பிடுங்கியதற்கு அரை மணி நேரம் அழுதாள். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று ஒரு டீச்சர் சொன்னார். ஒரு நாள் நானும் அதை நம்பினேன், அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் பார்த்த நரம்பியல் டாக்டர்தான் இதற்குக் கன்கஷன் என்று பெயர் சொன்னார். மூளை குலுங்கி அதன் வேலை கொஞ்ச காலம் தடுமாறுகிறது, ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லாததால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலோருக்கு மயக்கமே வராது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்கூடத் தலைகாட்டும். 2020இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கிரிக்கெட் வீரர் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்ட பிறகும் அவர் நின்று ஆடினார், அடுத்த இன்னிங்ஸில்தான் அவருக்குப் பதில் சஹல் இறங்கினார். பெரிய ஆட்டக்காரருக்கு அணி டாக்டர் கூடவே இருக்கிறார், நம் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

குணமாகப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அதிக நாள் பிடிக்கும். பெரும்பாலோர் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். ஆனால் கனடாவில் 3,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட பத்தில் மூன்று பேருக்கு ஒரு மாதமாகியும் தொந்தரவு தீரவில்லை. பெண் பிள்ளைகள், பதின்வயதினர், ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தொந்தரவு நாள்கணக்கில் நீளும் வாய்ப்பு அதிகம். என் மகளுக்கு ஐந்து வாரம் ஆனது. நாங்கள் ஒரு வாரம் இருட்டறையிலேயே படுக்க வைத்தோம், அதுவும் தப்பாம். ஓரிரு நாள் ஓய்வு போதும், செல்போனைக் குறைத்துவிட்டு, பிறகு தலைவலி ரொம்ப ஏறாத அளவுக்கு நடக்க விட வேண்டும். முதலில் வகுப்பு, அப்புறம்தான் மைதானம். மைதானத்திலும் நடை, ஓட்டம், ஆள்மேல் மோதாத பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு, டாக்டர் சரி என்ற பிறகே முழு ஆட்டம். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

2013இல் கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயதுப் பெண், ரக்பியில் ஒரே வாரத்துக்குள் மறுபடி மறுபடி தலையில் அடிபட்டு இறந்துபோனாள். முந்தைய அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் அடுத்த அடி. அவள் பெயரிலேயே அந்த ஊர் இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் 2018இல் விளையாட்டுக் கன்கஷன் பற்றிச் சட்டம் கொண்டுவந்தது.

பள்ளிக் கல்வித் துறைக்கு என் கோரிக்கை இதுதான்: தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு மறுபடி களத்தில் இறக்கக் கூடாது என்பதைப் போட்டி விதியிலேயே எழுதுங்கள். அது நடுவரின் கையில் இருக்கட்டும். தோற்கப்போகிற அணியின் பயிற்சியாளர் கையிலோ, 'நான் நல்லாத்தான் இருக்கேன் சார்' என்று சொல்லும் பிள்ளையின் கையிலோ விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கபடி வீராங்கனையின் அப்பா,
பெரம்பலூர் மாவட்டம்.