உபரி யார் வீட்டுப் பணம்: சேகருக்கு ஒரு கடிதம்

காட்பாடி,
20.4.2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் சந்தோஷம். வர முடியாமல் போன காரணத்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். வீட்டம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவது இப்போது என் பொறுப்பு. பார்வை நன்றாகத் தெளிந்திருக்கிறது. கத்திரி தொடங்க இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் பதினொரு மணிக்கு மேல் காந்தி நகர் தெருக்களில் நடமாட்டமே இல்லை. கோவையில் உட்கார்ந்துகொண்டு மழை பெய்கிறது என்று எழுதுகிறாய், படிக்கவே பொறாமையாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் பாதிக்கு மேல் பட்ஜெட்தான். "அம்மா 2006இல் கஜானாவை நிரப்பி ஒப்படைத்தார், உன் ஆட்கள் வந்து துடைத்தெடுத்தார்கள், இப்போது 41,635 கோடி துண்டு விழுகிறது என்று அவர்களே சட்டமன்றத்தில் வாசிக்கிறார்கள். ட்ரஷரியில் வேலை பார்த்தவன் நீ, நீயே சொல்" என்று எழுதியிருந்தாய். டீக்கடையில் என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். நீ கேட்டதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உனக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். 2004-05இல் தமிழ்நாடு வருவாய் உபரிக்கு, அதாவது வருவாய் வரவு வருவாய்ச் செலவை மிஞ்சும் நிலைக்கு, வந்தது உண்மை. 2001இல் நிதியமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வைத்துக் கஜானா காலி என்று சொன்ன அதே ஆட்சி, மூன்று நான்கு ஆண்டுகளில் கணக்கைத் திருப்பிக் காட்டியது. 2003இல் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் நிதிப் பொறுப்புடைமைச் சட்டமும் அவர்கள் கொண்டுவந்ததுதான். இதை எங்கள் பக்கத்து ஆட்கள் மேடையில் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன்.

ஆனால் "துடைத்தெடுத்தார்கள்" என்பது கணக்கில் நிற்காது. 2006இல் எங்கள் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, கிலோ 2 ரூபாய்க்கு அரிசி, கலர் டி.வி. எல்லாம் வந்தன. அத்தனைக்கும் பிறகு 2007-08இல் உபரி 4,545 கோடி. அன்பழகன் நிதியமைச்சராக இருந்த காலம். அதற்கு முந்தைய எந்த உபரியை விடவும் அது பெரிது. 2009-10இல்தான் மறுபடியும் துண்டு விழுந்தது. உலகமெங்கும் தொழில் படுத்திருந்த நேரத்தில் ஆறாவது சம்பளக் கமிஷனும் சேர்ந்துகொண்டது. பிறகு 2011இல் உங்கள் அ.தி.மு.க. ஆட்சி வந்து ஜூலையில் வாட் வரியை ஏற்றி, நவம்பரில் பஸ் கட்டணத்தையும் பால் விலையையும் ஏற்றியது. 2011-12, 2012-13 இரண்டு ஆண்டும் உபரி. கடைசியாகப் பார்த்த உபரி 2012-13இன் 1,760 கோடிதான். 2013-14இல், உங்கள் ஆட்சியிலேயே, மறுபடி பற்றாக்குறை. அதிலிருந்து இன்று வரை ஒரு வருஷம்கூட உபரி இல்லை. 2020-21 கொரோனா வருஷத்தில் 62,326 கோடி வரை போனது.

ஆக இரண்டு கட்சியும் உபரி காட்டியிருக்கிறது, இரண்டு கட்சியும் துண்டு விழவிட்டிருக்கிறது. அந்த உபரி எங்கிருந்து வந்தது என்று இருவருமே சொல்வதில்லை. எனக்கு ஆதங்கம் அதில்தான்.

2004 முதல் 2008 வரை நாடு முழுக்கத் தொழில் நன்றாக ஓடியது, வரி கொட்டியது. அதிக வட்டிக்கு வாங்கியிருந்த பழைய மத்தியக் கடனை அடைத்துக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ள வழி கிடைத்தது. நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் போட்ட மாநிலங்களுக்கு, மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு (அப்போது 12ஆவது) வழியாகக் கடன் நிவாரணம் கிடைத்தது. 2003 கடைசியில் மதுக்கடைகளை டாஸ்மாக்கே ஏற்று நடத்தத் தொடங்கியது. இதெல்லாம் வரவுப் பக்கம்.

செலவுப் பக்கத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். 2001 கடைசியில் ஆள் எடுப்பதற்குத் தடை வந்தது, 2006 வரை நீடித்தது. எங்கள் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர்களின் நாற்காலி அப்படியே கிடக்கும், அவர்கள் பார்த்த வேலை மட்டும் பக்கத்தில் இருப்பவன் தலையில் ஏறும். சலுகைகளை வெட்டியதை எதிர்த்து 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தோம். 1,70,000 பேருக்கு மேல் ஒரே வீச்சில் டிஸ்மிஸ். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது, உனக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் திரும்பினோம். பள்ளிகளில் தொகுப்பூதியம் என்று ஒரு ஏற்பாடு. என் மைத்துனிக்கு அணைக்கட்டுப் பக்கம் வேலை, மாதம் 3,000 ரூபாய். பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை நடத்திய டீச்சருக்கு அதைப் போலப் பல மடங்கு சம்பளம். 2006 ஜூன் 1 முதல்தான் அவர்களுக்குக் காலமுறை ஊதியம் கிடைத்தது. 2004, 2005 கணக்கில் உபரி என்று எழுதியிருக்கும் தொகையில் அவள் கைக்கு வராத சம்பளமும் இருக்கிறது. இதை நான் கட்சிக்காரனாகச் சொல்லவில்லை. சம்பள பில்லை என் கையால் பாஸ் பண்ணியவனாகச் சொல்கிறேன்.

இன்னொன்று சொல்கிறேன், இது எந்த ஆட்சி என்று குறிப்பாகச் சொல்லத் தேவையில்லாதது. அரசாங்கக் கணக்கு ரொக்கக் கணக்கு. மார்ச் 31க்குள் பணம் கைமாறினால்தான் அந்த வருஷச் செலவு. ஏப்ரல் முதல் தேதிக்குத் தள்ளிவிட்டால் அடுத்த வருஷக் கணக்கு. வேலை முடிந்திருக்கும், பொருள் வந்திருக்கும், சாப்பிட்டே முடித்திருப்பார்கள், ஆனால் கணக்கில் செலவு இருக்காது.

நான் சப் ட்ரஷரியில் இருந்தபோது ஒரு மார்ச் மாதம். சம்பளம், பென்ஷன் தவிர மற்ற பில்களை நிறுத்தி வையுங்கள் என்று மேலிருந்து வாய்மொழியாகச் செய்தி வந்தது. பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு விடுதி ஒன்றின் வார்டன் சாப்பாட்டு பில்லோடு கவுன்டரில் நிற்கிறார். மளிகை, காய்கறி, விறகு எல்லாம் கடனுக்கு வாங்கிப் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டாயிற்று. டோக்கன் போட்டு வாங்கிக்கொண்டோம். சாயங்காலம் 'ஒதுக்கீடு இல்லை' என்று எழுதி ஆப்ஜெக்ஷனோடு திருப்பினோம். அவர் சண்டை போடவில்லை. பில்லை மடித்து ரெக்ஸின் பைக்குள் வைத்தபடி, "கடைக்காரர்கிட்ட இன்னா சார் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பணம் அடுத்த வருஷ ஒதுக்கீட்டில்தான் போனது. அந்த மார்ச்சில் அரசாங்கம் மிச்சம் பிடித்தது என்றால், அதைக் கைக்காசிலிருந்து கொடுத்தவர் அந்த மளிகைக் கடைக்காரர். ஊராட்சி ரோடு போட்ட சின்ன கான்ட்ராக்டர்களும் அப்படித்தான் வட்டிக்கு வாங்கிக் காத்திருப்பார்கள்.

அதனால்தான் உபரி என்று யாராவது மார்தட்டினால் எனக்கு அந்த ரெக்ஸின் பை ஞாபகம் வருகிறது.

நம் பழைய வேலூர் ஜில்லாவையே எடுத்துக்கொள். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு கிடக்கிறது. தொண்ணூறுகளில் மூடிய தொழிற்சாலை. மழை பெய்தால் மஞ்சளாக ஊறி வழிந்து நிலத்தடிக்குப் போகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்று. நம் வேலூர்க்காரர்கள் போட்ட அந்த வழக்கை நாடெங்கும் சட்டக் கல்லூரியில் பாடமாக நடத்துகிறார்கள். பாலாற்றங்கரைக் கிணறுகள் இன்னும் தேறவில்லை. 2004இலிருந்து 2009 வரை உபரி இருந்ததே, இரண்டு கட்சியும் மாறி மாறி வைத்திருந்ததே, அந்தக் கழிவை அள்ள அப்போது பணம் எடுக்கவில்லை. அது ஒரு கடன், ஆனால் எந்தப் பட்ஜெட் புத்தகத்திலும் அந்தக் கடன் ஏறவில்லை.

அதே காலத்தில் நல்லதும் நடந்தது, மறைக்கமாட்டேன். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி 2005இல் வந்தது. என் அண்ணன் மகன் உயிர் பிழைத்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். உபரியை அப்படிச் செலவழித்தார்கள் என்றால் எந்தக் கட்சியானாலும் நான் கை கூப்புவேன்.

கணக்கில் ஏறாத இன்னொரு பெரிய பள்ளம் மின்வாரியம். 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணத்தை யாரும் தொடவில்லை. நஷ்டம் வாரியத்தின் புத்தகத்தில் ஏறிக்கொண்டே போனது, அரசின் புத்தகம் அந்த அளவுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. மின்வாரியங்களை மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் வாரியக் கடனில் 22,815 கோடியை அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டதும் உண்மை நிலவரம் கொஞ்சம் வெளியே வந்தது. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வைத்த வெள்ளை அறிக்கை இதையெல்லாம் எடுத்துப் போட்டது. ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று அவர் சொன்ன அன்று நம் ஊர் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

இங்கேதான் எங்கள் பக்கத்து ஆட்களிடம் எனக்குக் கோபம். அந்த அறிக்கையை மனசார வரவேற்றவன் நான். நான்கு வருஷம் ஆகப் போகிறது. மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வாசித்த பட்ஜெட்டில் பற்றாக்குறை 41,635 கோடி, 2026 மார்ச்சில் நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்று மதிப்பீடு. பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்திருப்பது அநியாயம், அதில் நீயும் என்னோடு நிற்பாய் என்று நினைக்கிறேன். ஆனால் 41,635இல் 2,152 எவ்வளவு? மிச்சத்துக்கும் டெல்லியையே கைகாட்டினால் எப்படி?

நீ மகளிர் உரிமைத் தொகையை ஊதாரித்தனம் என்று எழுதியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 13,807 கோடி பெரிய பணம்தான். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா அந்த ஆயிரத்தில் மகனுக்கு ஐ.டி.ஐ. பஸ் செலவும் நோட்டுச் செலவும் பார்க்கிறாள். வட்டிக்காரனிடம் போவது நின்றிருக்கிறது. வருஷம் 70,000 கோடிக்கு மேல் வட்டியே கட்டும் அரசில் அவளுடைய ஆயிரம்தான் உன் கண்ணை உறுத்துகிறதா?

உத்தரப்பிரதேசம் உபரி காட்டுகிறது, நம்மால் ஏன் முடியவில்லை என்றும் கேட்டிருந்தாய். மத்திய வரியில் பிரித்துக் கொடுக்கும் பங்கில் அவர்களுக்கு நூற்றுக்கு 17.939, நமக்கு 4.079. ஒன்பதாவது நிதிக்குழுக் காலத்தில் நமக்கு ஏழரைக்கு மேல் இருந்தது, அடுத்தடுத்த குழுக்களில் பெரும்பாலும் தேய்ந்து இங்கே வந்து நிற்கிறது. ஒடிசா உபரி காட்டுவதில் சுரங்க ராயல்டிக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் பெரும்பாலும் சொந்த வரியில் ஓடுகிறோம். அதற்காக நம் பற்றாக்குறை முழுவதும் நியாயம் ஆகிவிடாது. பக்கத்து வீட்டு உபரியைப் பார்த்து நம் ஆட்சியைத் திட்டவும் முடியாது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று, சேகர். உபரியானாலும் பற்றாக்குறையானாலும், மார்ச் 31 அன்று பாஸ் ஆகாமல் கிடக்கும் பில் எவ்வளவு, நிரப்பாத பணியிடம் எத்தனை, வாரியங்களும் போக்குவரத்துக் கழகங்களும் சுமக்கும் நஷ்டம் எவ்வளவு என்று துறைவாரியாக ஒரே இடத்தில் அச்சடித்து, நிதியமைச்சர் பட்ஜெட் உரையோடு அதையும் வாசிக்க வேண்டும். ட்ரஷரிக்குக் களஞ்சியம் மென்பொருள் வந்த பிறகு பில் எங்கே நிற்கிறது என்பது கம்ப்யூட்டரில் நொடியில் தெரியும். எங்கள் காலத்தைப் போல லெட்ஜரைப் புரட்ட வேண்டியதில்லை. தெரிந்த தொகையை மேஜையில் வைக்க மனசுதான் வேண்டும்.

அடுத்த வருஷம் தேர்தல். உங்கள் ஊர் மாவட்டச் செயலாளர் உன் சொல்லுக்குக் காது கொடுப்பார் என்று எழுதியிருந்தாய். இதைத் தேர்தல் அறிக்கையில் சேர்க்கச் சொல்லி அவரிடம் கேள். நான் இங்கே காட்பாடியில் எங்கள் ஆட்களிடம் கேட்கிறேன். யார் முதலில் சரி என்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. மே மாதம் குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல், இங்கே வந்து தங்கிவிட்டுச் சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
குணா